பயில்வான் பாக்கி

பெங்களூரில் படிக்கும் என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தம் என்றால் பைத்தியம். அவன் அப்பா, அதாவது என் மகன், அதற்கும் முந்தைய தலைமுறை. பயில்வான்களின் எடை, உயரம், மார்பளவு அச்சிட்ட சீட்டுகளைச் சேர்த்தவன். (என் சட்டைப் பையில் காணாமல் போன சில்லறை எல்லாம் அந்தச் சீட்டாகத்தான் மாறியது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.) ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது பேரன் கோபமாக இருந்தான். ஓய்வுபெற்ற பழைய பயில்வான் ஒருவர் இனி எந்த விழாவுக்கும் வரமாட்டேன், பேட்டியும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"நாங்க டிக்கெட் வாங்கலைன்னா அவர் யாரு தாத்தா? எங்களுக்கு அவர் கடன்பட்டவர் இல்லையா?"

மோர்சாதம் முடியும்வரை நான் பதில் சொல்லவில்லை. 'கடன்' என்ற சொல்லைக் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது எனக்கு. முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி முதல், எந்த உத்தரவின்படி என்று நாலு கேள்வி கேட்டுத்தான் பழக்கம்.

நான் 2010-இல் ஓய்வு பெற்றேன். கடைசி வாரம் முழுவதும் கையில் ஒரு தாளோடு மாடி ஏறி இறங்கினேன். 'நோ டியூ' சான்று. நூலகத்தில் புத்தகம் பாக்கி இல்லை, ஸ்டோரில் சாமான் பாக்கி இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் இல்லை, வீடு கட்ட வாங்கிய முன்பணம் தீர்ந்தது என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு கையெழுத்து. தாள் நிரம்பினால்தான் பணிக்கொடை. ஆக, இந்த அரசாங்கத்துக்கு நான் ஒன்றும் பாக்கி இல்லை என்பதற்கு என்னிடம் எழுத்து மூலம் ஆதாரம் இருக்கிறது. ஒரு பயில்வானுக்கு அப்படி ஒரு தாளை யார் தருவார்கள்?

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய ஈடுபாடு ஒன்று உண்டு. என் தாய்மாமன் சொல்தா. (புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம்மூர்க்காரர்.) பிரான்சில் இந்தக் காட்சி மல்யுத்தத்துக்கு 'காட்ச்' என்று பெயர். 1960களில் அங்கே தொலைக்காட்சியில் அது பெரிய கொண்டாட்டம். லீவில் ஊருக்கு வரும்போது மாமா திண்ணையில் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டுவார். வெள்ளை முகமூடி போட்ட 'லாஞ்ஜ் பிளான்', அதாவது வெள்ளைத் தேவதூதன், நல்லவன். 'பூரோ தெ பெத்தூன்', பெத்தூன் ஊர்த் தலைவெட்டி, கெட்டவன். தலைவெட்டி நடுவருக்குத் தெரியாமல் குத்துவான், கூட்டம் கத்தும், தேவதூதன் எழுவான்.

"நிஜமா அடிச்சுக்கறாங்களா மாமா?" என்று கேட்டேன்.

"போடா. நம்ம திரௌபதி அம்மன் கோயில் கூத்துல துச்சாதனன் நிஜமாவா சேலை உருவறான்? நீ அழுதே இல்ல?"

அதன் பிறகு பல வருடம் கழித்து ரொலான் பார்த்தின் 'மித்தொலொஜி' நூலைப் படித்தேன். 1957-இல் வந்தது. முதல் கட்டுரையே காட்ச் பற்றியதுதான். இது விளையாட்டுப் போட்டி அல்ல, பழைய நாடகம் போன்ற ஒரு காட்சி. முடிவு முன்கூட்டியே பேசிவைத்ததா இல்லையா என்பதில் ஜனங்களுக்கு அக்கறையே இல்லை என்று எழுதுகிறார். மாமா படித்தது ஐந்தாம் வகுப்பு. பெரிய பேராசிரியர் பல பக்கங்களில் சொன்னதை அவர் திண்ணையில் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று சிரித்துக்கொண்டேன்.

அந்தக் கட்டுரையின் முடிவில் ஒரு சித்திரம் வரும். சற்று முன்பு மேடையில் கோபாவேசமாக நின்றவர், கையில் சின்னப் பெட்டியோடு, மனைவியின் கையைக் கோத்துக்கொண்டு, யாரோ ஒரு சாதாரண ஆள் போல அரங்கத்தை விட்டு வெளியே போகிறார். பார்த் அவரை அங்கேயே விட்டுவிடுகிறார். பெட்டியோடு அவர் எந்த வீட்டுக்குப் போனார், அறுபது வயதில் முதுகுவலிக்கு யார் பணம் கட்டினார்கள் என்று விசாரிப்பது பேராசிரியர் வேலை அல்ல. அது கணக்குப் பிரிவு குமாஸ்தாவின் வேலை.

நிற்க. பிரெஞ்சுக்காரர் ஒருவரோடு தொடங்குகிறேன். ஆந்த்ரே ரூசிமோஃப் 1946-இல் கூலோமியே என்ற ஊரில் பிறந்தார். பாரிசுக்குக் கிழக்கே, விவசாயக் குடும்பம். உடம்பில் வளர்ச்சிச் சுரப்பு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். அதனால் கையும் காலும் முகமும் வளர்ந்துகொண்டே இருந்தன. (பக்கத்து ஊரில் வீடு வைத்திருந்த எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தன் வண்டியில் ஏற்றிச் செல்வாராம், அதில் ஆந்த்ரேயும் ஒருவர் என்று சொல்வார்கள்.) பிரான்சில் ழான் ஃபெர்ரே என்ற பெயரில் மோதினார். 1970களில் அமெரிக்கா போய் 'ஆந்த்ரே தி ஜயன்ட்' ஆனார்.

1987 மார்ச் 29. டெட்ராய்ட் நகரத்துக்கு வெளியே போன்டியாக் அரங்கம். ஹல்க் ஹோகனோடு மோதல். வந்தவர்கள் 93,173 பேர் என்று நிறுவனம் இன்றைக்கும் சொல்கிறது. கடைசி இலக்கம் வரை இவ்வளவு சுத்தமாக ஒரு எண்ணைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். 78,000 பேர்தான் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியும் பெருங்கூட்டம். ஆந்த்ரேவுக்கு அதற்குச் சில மாதங்கள் முன்புதான் முதுகில் அறுவை சிகிச்சை. உடைக்குள் பட்டை கட்டிக்கொண்டு வந்தார். அந்த நிலையில் ஹோகன் தன்னைத் தூக்கிப் போட இடம் கொடுத்துத் தோற்றார். ஆந்த்ரே சம்மதிக்காமல் அந்த உடம்பை எந்த மனிதனாலும் தூக்க முடியாது என்பது தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதற்கப்புறமும் அவர் நிற்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும் என்ற நிலையிலும் 1992 டிசம்பர் வரை ஜப்பானில் மேடை ஏறினார். 1993 ஜனவரியில் தகப்பனாரின் இறுதிச் சடங்குக்காக பிரான்ஸ் வந்தார். பாரிஸ் ஓட்டல் அறையில் தூக்கத்திலேயே உயிர் போயிற்று. வயது 46. அந்த வருடமே நிறுவனம் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலைத் தொடங்கி முதல் பெயராக அவரைச் சேர்த்தது. பட்டியல் கிடைத்தது. பெட்டியோடு தெருவில் இறங்கிப் போகும் பாக்கியம் கிடைக்கவில்லை.

இனி தொழிலின் பழைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். போகிறவன் தோற்றுவிட்டுப் போக வேண்டும். தான் சேர்த்த பேரை, அடுத்து நிற்கப் போகிறவனிடம் ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும். நம் அலுவலகத்தில் சார்ஜ் ஒப்படைப்பது போலத்தான். 1997 நவம்பரில் மாண்ட்ரியலில் பிரெட் ஹார்ட் வேறு நிறுவனத்துக்குப் போகவிருந்தார். தன் சொந்த நாட்டு ஜனங்கள் முன்னால், தனக்கு ஆகாத ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மறுத்தார். அவருக்குத் தெரியாமலேயே மணி அடிக்கச் சொல்லி, பட்டத்தை முதலாளி வாங்கிக்கொண்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் யார் பக்கம் நியாயம் என்று இன்னும் பேசுகிறார்கள். வழக்கம் வழக்கம்தான்; ஆனால் சார்ஜ் வாங்க வருகிறவன் திருடன் போலப் பின்வாசல் வழியாகவா வருவது?

அந்த வழக்கத்தை ஒழுங்காக நிறைவேற்றியவர் ஒருவரின் கதையைத்தான் நான் பேரனுக்கு விரிவாகச் சொன்னேன். புரூனோ சம்மார்ட்டினோ. 1935-இல் இத்தாலியின் அப்ருட்சோ மலைநாட்டில் பிட்சோஃபெர்ராட்டோ என்ற கிராமத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை கிராமத்தைப் பிடித்தபோது, தாயார் பிள்ளைகளை மலை மேல் கொண்டுபோய் ஓராண்டுக்கும் மேல் ஒளித்து வைத்தார். இரவில் திருட்டுத்தனமாகக் கீழே இறங்கி, எதிரிகள் இருக்கும் தன் சொந்த வீட்டிலிருந்தே தானியம் எடுத்து வருவாராம். தகப்பனார் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் வேலையில் இருந்தார். 1950-இல் குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்தபோது புரூனோ எலும்பும் தோலுமான பையன். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவன். எடை தூக்கித் தூக்கி உடம்பை வளர்த்து, 1959-இல் படுத்தபடி 565 பவுண்டு தூக்கினார்.

1963 மே 17-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பட்டி ராஜர்ஸை 48 விநாடியில் வீழ்த்திப் பட்டம் பெற்றார். அதன் பிறகு ஏழரை வருடத்துக்கு மேல் அவர்தான். கப்பலில் வந்து இறங்கி கொத்து வேலையும் ஆலை வேலையும் செய்த இத்தாலியர்கள், மற்ற நாட்டுக் குடியேறிகள் எல்லோருக்கும் அவர் தங்கள் வீட்டுப் பிள்ளை. உடம்பு தாளாமல் விடுவிக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். 1971 ஜனவரி 18-இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இவான் கோலோஃபிடம் தோற்றார். (பெயர்தான் ரஷ்யன். ஆள் கனடாக்காரர்.) நடுவர் மூன்று எண்ணி முடித்ததும் அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. தன் காதுதான் போய்விட்டது என்று முதலில் நினைத்ததாக சம்மார்ட்டினோ பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகுதான் ஜனங்கள் அழுவதைப் பார்த்தார்.

1973 டிசம்பரில் மறுபடியும் கூப்பிட்டார்கள். வந்தார். 1976 ஏப்ரல் 26-இல் ஸ்டான் ஹேன்சன் அவரைத் தூக்கிப் போடும்போது கை தவறியது. கழுத்தெலும்பு முறிந்தது. இது நாடகம் அல்ல, நிஜ முறிவு. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் கழுத்துக்குக் கீழே உணர்ச்சியே போயிருக்கும். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாகக் கிடந்தார்.

அந்த நேரத்தில் நிறுவனம் ஒரு சூதாட்டம் ஆடியிருந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியும் டோக்கியோவில் மோதுவதை, அமெரிக்க அரங்கங்களில் திரை கட்டி டிக்கெட் விற்று ஒளிபரப்ப ஏற்பாடு. டிக்கெட் போகவில்லை. அன்றைய முதலாளி வின்சென்ட் மக்மேன், பெரியவர், சம்மார்ட்டினோவிடம் வந்து கெஞ்சினார். நீ வந்து ஹேன்சனோடு மறுபடி மோதினால்தான் பிழைப்பேன், இல்லையேல் திவாலாகிவிடுவேன் என்றார். டாக்டர்கள் கூடாது என்றார்கள். ஜூன் 25 அன்று, கழுத்து முறிந்து சரியாக இரண்டே மாதத்தில், ஷே ஸ்டேடியத்தில் மேடை ஏறினார்.

இங்கே நான் நிறுத்தி, பேரனைப் பார்த்தேன். "இதுக்கு மேலயும் பாக்கி இருக்கா?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

1977-இல் பட்டத்தை சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினார். அதற்கப்புறம்தான், வசூலில் தனக்குப் பேசிய பங்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்று அவருக்குத் தெரிய வந்தது. வழக்குப் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆயிற்று. எண்பதுகளில் மகனும் மல்யுத்தத்துக்கு வந்ததால் சில வருடம் திரும்பிப் போய் வர்ணனை செய்தார், கொஞ்சம் மோதவும் செய்தார். 1988-இல் ஒரேயடியாக விட்டுவிட்டார்.

விட்டதோடு பேசாமலும் இருக்கவில்லை. உடம்பை ஊத வைக்கும் ஸ்டீராய்டு மருந்துகள், போதைப் பொருள்கள், மேடையில் ஆபாசம் எல்லாம் தொழிலைக் கெடுத்துவிட்டன என்று தொலைக்காட்சியில் வந்து சொன்னார். தொழிலில் பழகியவர்கள் பலர் அவரை நன்றி கெட்டவர் என்றார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது நம்மூர்ச் சொல். ஆனால் அந்த வீட்டில் அவர் ஓசியில் உண்ணவில்லையே. கழுத்தைக் கொடுத்துத்தானே உண்டார்!

தொழிலுக்கு ரகசியத்தைக் காப்பது கடமை என்று இன்னொரு வாதம் உண்டு. பழைய பயில்வான்கள் சாகும்வரை காத்தார்கள். மேடையில் எதிரிகளாக இருந்தவர்கள் வெளியூரில் ஒரே காரில் போகக்கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது. முகமூடிக்காரர் தெருவில்கூட முகமூடியோடு நடப்பார். அந்த ரகசியத்தைக் கடைசியில் போட்டு உடைத்தது யார்? 1989 பிப்ரவரியில் நியூஜெர்சி மாநில சட்டசபையில் நிறுவனமே சொன்னது: இது போட்டி அல்ல, பொழுதுபோக்குக் காட்சிதான், ஆகையால் விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வையும் கட்டணமும் எங்களுக்குப் பொருந்தாது. பயில்வான்கள் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் காத்தது வரிக் கணக்கில் முடிந்தது. கணக்குப் பிரிவு ஆசாமியான எனக்கே இதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

அடுத்தது பென்ஷன். அமெரிக்காவின் பெரிய மல்யுத்த நிறுவனங்கள் பயில்வானை ஊழியர் என்று சொல்வதில்லை. 'சுதந்திர ஒப்பந்தக்காரர்' என்பது பெயர். வருடத்தில் பெரும்பகுதி ஊர் ஊராகப் போக வேண்டும். எங்கே, யாரோடு, எத்தனை நிமிடம், ஜெயிப்பதா தோற்பதா எல்லாம் நிறுவனம் சொல்லும். ஆனால் நெடுங்காலம் ஓட்டல் வாடகை அவர் கையிலிருந்து, வண்டி வாடகை அவர் கையிலிருந்து போனது. மருத்துவக் காப்பீடும் பென்ஷனும் இல்லை. நம்மூர் தினக்கூலி 'காஷுவல் லேபர்' பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. 1986-இல் ஜெஸ்ஸி வென்சுரா என்பவர் சங்கம் வைக்கலாமே என்று உடைமாற்றும் அறையில் பேசினார். விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது. போட்டுக் கொடுத்தது ஹல்க் ஹோகன் என்று பின்னால் ஒரு வழக்கு விசாரணையில் வெளியானது. சங்கம் வரவேயில்லை.

நமக்கு 1982 டிசம்பர் 17 இருக்கிறது. நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் என்பது பிச்சையும் அல்ல, முதலாளியின் கருணையும் அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று தீர்ப்பளித்த நாள். ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். (என் மாமாவுக்கு இந்தத் தீர்ப்பு வேண்டியிருக்கவில்லை. வருடா வருடம் உயிரோடிருக்கிறேன் என்று ஒரு தாள் கொடுத்தால் போதும், பிராங்க் வந்து சேரும்.) பயில்வான்களுக்கு அப்படி ஒரு டிசம்பர் 17 வரவில்லை. 2016-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய பயில்வான்கள், தலையில் பட்ட அடியால் மூளை பாதித்ததற்கு நிறுவனமே பொறுப்பு என்று வழக்குப் போட்டார்கள். 2018-இல் தள்ளுபடி. பெரும்பாலான கோரிக்கைகள் காலக்கெடு தாண்டிவிட்டன என்பது முக்கியக் காரணம். பயில்வான் கேட்கும் பாக்கி காலாவதி ஆகும். ரசிகன் கேட்கும் பாக்கிக்கு மட்டும் லிமிடேஷன் கிடையாது போலிருக்கிறது.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். 2006-இல் நிறுவனம் மருந்துச் சோதனைத் திட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருடம், பழைய பயில்வான்களில் போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைச் செலவை ஏற்பதாகக் கடிதம் அனுப்பியது. அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். இளைஞர்கள் வரிசையாகச் செத்த பிறகுதான் வந்தது என்றாலும், வந்தது.

நம் நாட்டில் தாரா சிங் கொடுத்து வைத்தவர். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மோதிப் பெயர் வாங்கி, 'கிங்காங்' என்ற மலை போன்ற ஹங்கேரிக்காரரோடு மோதியதை நம் தகப்பன்மார் தலைமுறை வாய் ஓயாமல் பேசியது. 1983-இல் டெல்லியில் ஒரு பந்தயத்தோடு முறையாக விடைபெற்றார். அவர் பிழைப்பு சினிமாவில் இருந்தது. 1987-இல் ராமாயணத்தில் அனுமனாக வந்தபோது நாமெல்லாம் தெருவைக் காலி செய்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். கிங்காங் அப்படி இல்லை. 1970-இல் கார் விபத்தில் அடிபட்டுச் சிங்கப்பூரில் இறந்தார். அதுவரை அவர் மல்யுத்தத் தொழிலை விடவில்லை.

சம்மார்ட்டினோவுக்கு வருகிறேன். 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவத்துக்கு அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வர மறுத்துக்கொண்டே இருந்தார். அவர் இல்லாத பட்டியல், மூலவர் இல்லாத கோயில் மாதிரி இருந்தது. ரசிகர்களே கோபித்துக்கொண்டார்கள்: எங்களுக்காகவாவது வரக்கூடாதா என்று. அவர் ரசிகர்களை வெறுக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அதே பிட்ஸ்பர்க்கில் அதே ஊர்க்காரராக இருந்தார். கையெழுத்துக் கேட்டு வந்தவர்களுக்குப் போட்டுக் கொடுத்தார். நிறுவனத்தின் மேடையில் ஏறுவதுதான் அவருக்கு வேறு விஷயம். ஏறினால் நடந்ததெல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

கடைசியில் நிறுவனத்தின் அடுத்த தலைமுறை அதிகாரியான பால் லெவெஸ்க் அவரோடு பேசினார். மருந்துச் சோதனை உண்மையாக நடக்கிறதா என்று தானே விசாரித்துத் தெளிந்த பிறகு ஒப்புக்கொண்டார். 2013 ஏப்ரல் 6, அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன். வயது 77. நடிகர் அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர் அவரை அறிமுகம் செய்தார். கூட்டம் எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூவியது. 1971-இல் வாயடைத்துப் போன அரங்கம். ஐந்து வருடம் கழித்து 2018 ஏப்ரல் 18 அன்று பிட்ஸ்பர்க்கில் காலமானார்.

"அப்போ வந்துட்டாரே தாத்தா. கடன் இருந்ததாலதானே வந்தார்?" என்றான் பேரன்.

இல்லை என்றேன். டிக்கெட் காசுக்கு அன்றிரவே சரக்குக் கொடுத்தாயிற்று. நீ சிரித்தாய், கத்தினாய், அழுதாய். வீட்டுக்குப் போய்த் தூங்கினாய். கணக்கு முடிந்தது. தொழிலுக்கு, தோற்று சார்ஜ் ஒப்படைத்ததோடு முடிந்தது. அதற்கு மேல் அவர் வந்தால் அது வரவில் எழுத வேண்டிய தொகை அல்ல, அன்பளிப்பு. அன்பளிப்பை யாரும் டிமாண்ட் நோட்டீஸ் போட்டு வசூலிக்க முடியாது.

பேச்சை ஜெயித்துவிட்டதாக நினைத்து எழுந்தேன். கை கழுவும் இடத்துக்கே பின்னால் வந்தான்.

"அப்படின்னா நீங்க மட்டும் ஏன் தாத்தா அந்தப் பழைய பத்திரம் எல்லாம் இன்னும் படிச்சுச் சொல்றீங்க? பாக்கி இல்லைன்னுதான் எழுதி வாங்கிட்டீங்களே."

அவனுக்குத் தெரியும். வாசகர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்றபோது என் சர்வீஸ் புக்கில் ஏதோ ஒரு பதிவு விட்டுப்போனது என்று சொல்லி என் பென்ஷனை ஏழு மாதம் இழுத்தடித்தார்கள். பிறருடைய பென்ஷன் ஃபைலை ஒருநாளும் தாமதிக்காதவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஏழு மாதம் தலைகுனிந்து போய் வந்தேன். எல்லாம் முடிந்த சில மாதத்தில் அதே அலுவலகத்திலிருந்து போன். பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகளைப் படிக்க ஆள் இல்லை, வாரம் ஒருநாள் வந்து உதவ முடியுமா என்று. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் எங்கள் பிரிவில் நான் ஒருவன்தான் மிச்சம்.

போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. சம்பளம் கேட்கவில்லை, தரவும் இல்லை. இரண்டு வருடம் போயிருப்பேன். ஒருநாள் புதிதாக வந்த அதிகாரி என்னை வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, உள்ளே கூப்பிட்டு, "நீங்க யாரு? எந்த உத்தரவுல இந்த ரிஜிஸ்தர் எல்லாம் தொடறீங்க?" என்று கேட்டார். கேள்வி சரியான கேள்விதான். உத்தரவு இல்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று முறை போன் வந்தது. போகவில்லை. என் பழைய சகாக்களில் சிலருக்கு இன்றுவரை வருத்தம். "இவ்வளவு நாள் சோறு போட்ட இடம்" என்றார் ஒருவர். அவரோடு எனக்குப் பேச்சு கொஞ்சம் குறைந்துவிட்டது.

ஆனால் ஜனங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எத்தா சிவில் பதிவு, அதாவது பிறப்பு, கல்யாணம், சாவு எழுதிய பழைய நகல். நொத்தேர் எழுதிய பத்திரம். தாத்தா சைகோனிலிருந்து போட்ட கடிதம். அந்தக் கால எழுத்தர்களின் சாய்வெழுத்து, மை மங்கி இருக்கும். நம் பெயர்களை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு எழுத்துக்கூட்டு, தம்பிக்கு ஒன்று. பாகப்பிரிவினையோ பாஸ்போர்ட்டோ அந்த ஒரு எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். படித்துச் சொல்கிறேன்.

"அது வேற, இது வேற" என்றேன் பேரனிடம்.

"எப்படி வேற?" என்றான்.

நல்ல பதிலாக ஒன்றும் வரவில்லை. டவலை எடுத்துக் கை துடைத்துக்கொண்டேன். அவன் மறுநாள் இரவு பஸ்ஸில் பெங்களூர் போய்விட்டான்.

நேற்று முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். அவருடைய மாமியாரின் கல்யாணப் பதிவாம், 1938. அலுவலகத்தில் கேட்டதற்கு, எங்களால் படிக்க முடியவில்லை, இன்னார் வீட்டில் கேளுங்கள் என்று அவர்களே என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.